எங்களிடமும் சுங்கம் வாங்குங்கள், ஐயா!

அனுப்புநர்:
இருசக்கர வாகன ஓட்டி ஒருவன்,
அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
இடது ஓரச் சந்துப் பிரிவு,
சுங்கச்சாவடி நிர்வாகம்.
(இப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், உருவாக்கிய பிறகு உறையைப் பிரிக்கவும்.)

பொருள்: இருசக்கர வாகனங்களுக்கும் சுங்கம் விதித்து, எங்களையும் கணக்கில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008. 2. அமைச்சரின் மறுப்பு, நாள் 26.06.2025. 3. என் அப்பாவின் வாய்மொழி உத்தரவு.

ஐயா,

சுங்கத்தைக் குறை என்று மனு வரும், சாவடியை எடு என்று மறியல் நடக்கும். இரண்டும் தங்களுக்குப் பழகிப்போனவை. எங்களிடமும் வாங்குங்கள் என்று ஒருவன் எழுதியதைப் படித்தால் தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள். தெளிந்த புத்தியோடுதான் எழுதுகிறேன்.

2025 ஜூன் மாதக் கடைசியில் ஒரு செய்தி பரவியது. ஜூலை 15 முதல் இருசக்கர வாகனங்களுக்கும் சுங்கம் என்றார்கள். ஊரே கொதித்தது. எங்கள் பைக் நண்பர்கள் கூட்டத்தில் மட்டும் லேசாக ஒரு நம்பிக்கை துளிர்த்தது. 26-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே முன்வந்து, அப்படி ஒரு முடிவும் இல்லை, விலக்கு தொடரும் என்று சொல்லிவிட்டார். போச்சு. 2008 விதிகளில் டிராக்டரோடும் மாட்டு வண்டியோடும் எங்களை உட்கார்த்தி வைத்த இலவசப் பந்தியிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டோம்.

இலவசம் கசக்குமா என்று கேட்பீர்கள். கசந்த விதத்தைச் சொல்கிறேன்.

அதே ஆண்டு மாங்காய்க் காலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு நெடும்பயணம் கிளம்பினோம். திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி, அங்கிருந்து ஹார்ஸ்லி மலை, திரும்பும்போது பலமநேர், சித்தூர், ராணிப்பேட்டை என்று ஏற்பாடு. கூடவே அப்பா. மாநில நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நண்பர்களிடம் புல்லட், ஹிமாலயன் என்று கனத்த வண்டிகள். முட்டிக்குக் கவசம், முதுகுக்குக் கவசம், ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத். அப்பாவிடம் ஸ்ப்ளெண்டர், ஒரு ரெக்ஸின் பை, தூக்கில் எலுமிச்சைச் சாதம். என் வண்டியில் பின்னால் உட்காருங்கள் என்றதற்கு, "நீ ஓட்றத பின்னாடி குந்திக்கினு பாக்கறதுக்கு நான் பஸ்லயே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

வழியில் ஒரு சாவடி. பெயர் வேண்டாம், ஊருக்கு ஊர் இதே அமைப்புதான். கார்களுக்கும் லாரிகளுக்கும் வரிசை வரிசையாகக் கூரை போட்ட வழிகள், விளக்குகள், ஏறி இறங்கும் தடுப்புக் கட்டைகள். இடது ஓரத்தில் கடைசிக் கூண்டுக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதுதான் எங்கள் ராஜபாட்டை. வாயிலில் மண் நிரப்பிய ஒரு பீப்பாய். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்பினால் கணுக்கால் உயரத்துக்கு மண். மண்ணுக்கு அடியில் ஒரு வேகத்தடை. ஏறும்போதுதான் அது வேகத்தடை என்று தெரியும். சாக்கடைமேல் போட்ட சிலாப்புகளில் ஒன்றைக் காணோம், அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கிளை நட்டிருந்தார்கள். நட்டவர் தங்கள் துறையைச் சேர்ந்தவராக இருக்க முடியாது. மனசாட்சி உள்ள யாரோ.

ஹிமாலயன்காரன் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டியிருந்தான். பாதிச் சந்தில் இரண்டு பெட்டியும் சுவரைத் தொட்டு நின்றுவிட்டன. எதிர்த்திசையில் பால் கேன் கட்டிய ஒரு வண்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் மூன்று ஆடுகள். பால்காரர் பெருந்தன்மையாக, "மீரு ரண்டி" என்றார். எப்படி வருவது? பெட்டியைக் கழற்றித் தலைமேல் தூக்கிக்கொண்டு ஒருவன் முன்னே நடக்க, மற்றவர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னே போனோம். பக்கத்து வழியில் ஒரு கார் 'பீப்' என்று சத்தம் கேட்ட மாத்திரத்தில் பறந்தது.

அப்பா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, சந்தை அடி வைத்து அளந்தார். பழைய உத்தியோகம் விடவில்லை. மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடுவுல மீடியன் வெச்ச ரோட்டுக்கு ஒரே பக்கமாத்தான் கேம்பர் கொடுப்பாங்க. மழத்தண்ணி, மண்ணு, ஜல்லி, லாரியிலருந்து கழண்டு விழுற போல்ட்டு, எல்லாம் இடது ஓரத்துக்குத்தான் ஒதுங்கும். நம்மளையும் அங்கதான் ஒதுக்கி வெச்சிருக்காங்க. டேய், இது ரோடு இல்லடா. ரோடு போட்டது போக மிச்சம்."

பார்வை 3-இல் கண்ட உத்தரவை அங்கேயே நின்று பிறப்பித்தார்: "காசு கொடுக்காதவன எவன் மதிப்பான்? வாங்கிக்கச் சொல்லி எழுது."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கார்க்காரர் பணம் கட்டுகிறார். அதனால் அவர் வாடிக்கையாளர். அவருக்காக 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டுச் சீட்டுகூட வந்துவிட்டது: 3,000 ரூபாய்க்கு 200 முறை சாவடி கடக்கலாம் என்று தொடங்கினார்கள். வரிசை நீண்டால் அவர் ஹாரன் அடிப்பார், மேலாளரைக் கூப்பிடுவார், வீடியோ எடுப்பார். நாங்கள் எந்த முகத்தோடு கேட்பது? 'ஓசியில் போகிறவனுக்கு வாய் வேறயா' என்று கூண்டுக்குள் இருக்கும் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு விஷயத்தில் தங்களைப் பாராட்ட வேண்டும். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் 4-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். இத்தனை எல்லைகள் மாறியும், சாலையின் இடது ஓரத்தை மட்டும் மொழி, மாநில வேறுபாடு பாராமல் ஒரே தரத்தில் காத்து வருகிறீர்கள். தேசிய ஒருமைப்பாடு என்றால் இதுதான்.

நகரியைத் தாண்டினால் புத்தூர். தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்குகிறதே, அந்தப் புத்தூர். பக்கத்தில் ஈஸ்வராபுரத்தில் நூறாண்டுக்கு மேலாகப் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து எலும்பு கட்டுகிறார்கள். சென்னையிலிருந்து விழுந்து எழுந்து வருகிறவனுக்குச் சரியான தூரத்தில் அந்த ஊர் அமைந்திருக்கிறது. தாங்கள் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வராது. கையேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'சாலையோர வசதிகள்: கழிப்பறை, தேநீர், எலும்புக்கட்டு.'

எங்களை மதிக்கும் இடமே கிடையாதா என்று கேட்டால், உண்டு. திருமலையின் அடிவாரமான அலிபிரி. அங்கிருந்து ஏறும் மலைப்பாதையில் எங்களைப் பற்றி யோசிக்கிறார்கள், அதற்கு ஆதாரம் தடை உத்தரவுகள். 2023 ஆகஸ்டில் நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியின் உயிரைப் பறித்தது. அதையடுத்து, இருசக்கர வாகனங்கள் காலை 6 முதல் மாலை 6 வரைதான் மலைப்பாதையில் போகலாம் என்றார்கள். நடந்து ஏறுகிறவர்கள் கையில் ஆளுக்கொரு தடி கொடுத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் விலங்குகள் இனம் பெருக்கும் காலம் என்று இரவு 9 மணியோடு எங்களை நிறுத்தினார்கள். பிரம்மோற்சவத்தில் கருட சேவை அன்று வண்டியே ஏறக் கூடாது என்கிறார்கள். 'கூடாது' என்று சொல்வதற்குக்கூட, எதிரில் ஒருவன் நிற்பது கண்ணில் பட வேண்டும் அல்லவா? சிறுத்தையின் குடும்ப வாழ்க்கைக்கு நாங்கள் இடைஞ்சல் என்று ஓர் அலுவலகம் கோப்பில் எழுதி வைத்திருப்பதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

மலையில் ஏறுவதற்கு 1974-இல் போட்ட பாதை, இறங்குவதற்கு 1944-இல் போட்ட பாதை. எதிரில் வண்டி வராது. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் வந்தால் தண்டம். வேகமாக வந்துவிட்டவர்கள் கடைசி வளைவில் ஓரம் கட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கோவிந்தா சொல்லிக்கொண்டு நிற்பதைக் கண்டு அப்பா உருகிப் போனார். "அவசரப்பட்டவன நிக்க வெக்கறான் பாரு, அவன் இன்ஜினியர்" என்றார். மொட்டை போட்டு, சந்தனம் காயாத தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினோம். உள்ளே சந்தனமும் வியர்வையும் கலந்து குழம்பாகி, நெற்றி வழியாக மீசைக்கு வந்தது. சட்டத்தையும் பக்தியையும் ஒரே தலையில் தாங்குகிறவர்கள் ஐயா நாங்கள். கார்க்காரர் ஏசியைக் கூட்டிக்கொள்வார்.

சித்தூர்ப் பக்கம் வந்தபோது எங்கள் சகோதரர்களைச் சந்தித்தோம். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அந்த ஆண்டு விலை விழுந்து, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் சேர்த்துக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று பேச்சு. டிராக்டர் நிழலில் படுத்திருந்த பெரியவர் எங்களுக்கு ஆளுக்கொரு மாங்காய் கொடுத்தார். சுங்கம் கட்டாத சாதிகளுக்குள் அப்படி ஓர் ஒட்டுறவு. அவர்களும் இடது ஓரம், நாங்களும் இடது ஓரம். அவர்கள் காத்திருக்கும் வரிசையைச் சுற்றிக்கொண்டு நாங்கள் நடுச் சாலைக்கு வர வேண்டியிருந்தது. நடுச் சாலையில் என்ன வந்தது என்று சொன்னால் அப்பா வைவார்.

இப்போது அதே மாவட்டத்தில் பலமநேர், குடிபாலா பக்கமாகச் சென்னை – பெங்களூரு விரைவுச்சாலை வருகிறது. சுமார் 260 கிலோமீட்டர். கார்களுக்கு 120 கிலோமீட்டர் வேகம். எங்களுக்கு அனுமதி இல்லை. பெங்களூரு – மைசூரு சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இப்படித்தான் ஆட்டோ, டிராக்டரோடு எங்களையும் இறக்கிவிட்டார்கள். 120-இல் பாயும் காருக்கு முன்னால் அப்பாவின் ஸ்ப்ளெண்டர் 50-இல் போவது ஆபத்து, மறுக்கவில்லை. அப்படியானால் பழைய சாலை முழுக்க எங்களுக்கா? அதுவும் கிடையாது. விரைவுச்சாலைச் சுங்கத்துக்குப் பயந்த லாரிகள் அங்கேதான் வரும். சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே மொகிலி மலைப்பாதை இருக்கிறது. 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் மாண்ட இடம். அந்த இறக்கத்தில் பின்னால் ஒரு டிரெய்லர் மூச்சு விடும்போது, விலக்கு அளித்த விதியை நன்றியோடு நினைத்துக்கொள்வோம்.

எங்களையும் கணக்கில் சேருங்கள் என்று மேலே எழுதியதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கணக்கில் தவறாமல் சேர்க்கிறீர்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கார்க்காரர்கள் எங்களுக்கு வெகு தூரம் பின்னால். சுங்கப் பதிவேட்டில் பூஜ்யம், சவப் பதிவேட்டில் முதல் இடம். இரண்டு ஏடுகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால்தான், இல்லாத தங்கள் பிரிவுக்கு எழுதுகிறேன்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. எங்களுக்கும் ஆண்டுச் சீட்டு வேண்டும். 300 ரூபாய்க்கு 200 முறை விழலாம் என்று இருந்தால் போதும். மீந்தவற்றை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கவும்.

2. எங்கள் வண்டிக்கு முன்கண்ணாடி கிடையாது. ஃபாஸ்டேக்கை ஹெல்மெட்டில் ஒட்டலாம். திருப்பதியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு நெற்றியில் இடம் காலி இருக்காது என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

3. இடது ஓரச் சந்துகளுக்கு முறைப்படி திறப்பு விழா நடத்த வேண்டும். ரிப்பனைக் கழுத்து உயரத்தில் கட்ட வேண்டாம். வெட்டிய கையோடு தாங்களே முதல் ஆளாக அதில் ஓட்டிக்காட்ட வேண்டும், பின்னால் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரையும், அவர் மடியில் லட்டுப் பையையும் வைத்துக்கொண்டு.

4. சந்தின் மண்ணை அள்ளிக் கூட்ட ஓர் ஆளும் ஒரு துடைப்பமும் நியமிக்க வேண்டும். நிதி இல்லையென்றால் துடைப்பத்தை மட்டும் வையுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறோம்.

5. 'இந்தச் சந்து இருசக்கர வாகனங்களுக்கென்றே யோசித்துக் கட்டப்பட்டது' என்று தாங்கள் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். சித்தூரிலிருந்து சிறிது தூரம்தான். அங்கே பொய்ச் சத்தியம் செய்யச் சுற்றுவட்டாரத்தில் எவனும் துணிய மாட்டான். தாங்கள் வெளியூர் என்பதால் எச்சரிக்கிறேன்.

மேற்கண்டவற்றில் எதுவும் இயலாது என்றால், அந்தச் சிலாப்பை மட்டுமாவது போட்டுக்கொடுங்கள். சுங்கக் கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளில் விலக்கு அளிக்கப்பட்ட,
இருசக்கர வாகன ஓட்டி.

நகல்:
1. கூழ் ஆலை வரிசையில் நிற்கும் டிராக்டர் சகோதரர்களுக்கு – ஆதரவுக் கையொப்பம் வேண்டி.
2. வேப்பங்கிளை நட்ட முகம் தெரியாத பொறியாளருக்கு – பதவி உயர்வுக்குப் பரிந்துரையுடன்.
3. அப்பாவுக்கு – ஒப்புதலுக்காக. (திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருப்பது: 'சந்தின் அகலம் குறிப்பிடப்படவில்லை. நேரில் சென்று மீண்டும் அளந்து எழுதுக.')