ராட்டினம் சுத்துது, புத்தி நிக்குது

ஏலே பேராண்டி, கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற செகண்ட் லைஃப் உலகத்துல பேரை மாத்தி, றெக்கை வச்சு, கடலோரமா ஒரு ராட்டினமும் கட்டிட்டே. 2003-ல லிண்டன் லேப்காரன் அந்த உலகத்தைத் தொறந்தப்போ உனக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அங்க நீ நிலக்கிழார். சந்தோசம். ஆனா ‘குழந்தைகள் ராட்டினம்’னு பலகை வேற வச்சிருக்கியே, அதைப் படிச்சுட்டுத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது. எனக்கென்ன தெரியும், கிழவன். ஏதோ தோணுனதைச் சொல்றேன்.

ராட்டினத்தைச் சுத்த வைக்க நீ எழுதின ஸ்கிரிப்ட் வரியில மூணு சமாச்சாரம் இருக்கு: அச்சு, வேகம், கெயின். சுத்த வைக்கிற எல்எல் டார்கெட் ஒமேகா கட்டளைக்கு அம்புட்டுத்தான் தீனி. வேகத்துல 10-னு போட்டிருக்கே. நிமிசத்துக்குப் பத்து சுத்துன்னு நெனைச்சிருப்பே, அறிவுக்கொழுந்து! அது கேக்குறது வினாடிக்கு எத்தனை ரேடியன்னு. முழுச் சுத்துக்கு 6.28 ரேடியன். அப்ப உன் ராட்டினம் வினாடிக்கு ஒண்ணரைச் சுத்துக்கு மேல போகுது. லண்டன்ல தேம்ஸ் கரையில 135 மீட்டர் ஒசரத்துக்கு நிக்குதே லண்டன் ஐ, அது ஒரு சுத்து வர அரை மணி நேரம் ஆகும். அந்த நிதானம் வேணும்னா 0.0035 போடணும். உனக்கு ஏது நிதானம்? இருபது வினாடிக்கு ஒரு சுத்துன்னு வச்சுக்க. அந்த 6.28-ஐ, அதான் டூ பையை, 20-ஆல வகுத்தா 0.314. ஸ்கிரிப்ட் மொழியிலயே டூ பை எழுதி வச்சிருக்கான், நீ விரல் விட்டு எண்ண வேண்டாம்.

நேத்து வேகத்தை ஏத்திக்கிட்டே போயி, “தாத்தா, ஸ்கிரிப்ட் செத்துப்போச்சு”ன்னு கத்துனே. சாகலைடா. உன் சக்கரத்துக்கு எட்டு ஆரக்கால், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 45 டிகிரி. உன் ஓட்டை லேப்டாப் வினாடிக்கு முப்பது படம் காட்டுது. ஒரு படத்துக்குள்ள சக்கரம் சரியா 45 டிகிரி நகர்ந்தா, முன்ன நின்ன ஆரக்கால் இடத்துல அடுத்தது வந்து நிக்கும். கண்ணுக்குச் சக்கரம் அசையவே அசையாது. அந்த வேகம் 23.56. அதுக்குக் கொஞ்சம் கொறைச்சுப் பாரு, பின்னாடி சுத்தும்.

சக்கரத்தோட டிக்கெட் கூண்டும் ஏன் சேர்ந்து கரணம் போடுதுன்னு மண்டையைச் சொறிஞ்சியே, பிரிம்ங்கிற துண்டுகளை இணைக்கும்போது கடைசியா எதைச் சொடுக்குனே? அதுதான் ரூட். மஞ்சளா மின்னும், மத்ததெல்லாம் நீலம். ரூட்டுக்குள்ள ஸ்கிரிப்டைப் போட்டா மொத்தக் குடும்பமும் சுத்தும். தாங்குற காலை ரூட்டாக்கு. சக்கரத்தை ஒரே துண்டாப் பிள்ளையா வச்சு, ஸ்கிரிப்டை அந்தப் பிள்ளைகிட்டக் குடு. அது மட்டும் தன் நடுவுல சுத்திக்கும்.

நிறுத்துறதுக்கு ஸ்கிரிப்டையே அழிச்சியாமே, நின்னுச்சா? எப்படி நிக்கும்? சுத்துற குணம் பொருள்ல பதிஞ்சு போயிருக்கு. மொதல்ல வேகத்துக்கும் கெயினுக்கும் சுழியைக் குடு, அப்புறம் அழி.

இப்ப அதையும் பாதியில விட்டுட்டு, நம்பர் எழுதின சக்கரம் கட்டி ஊரைக் கூட்டப் போறியாம். காசு வச்சு ஆடுற சூதாட்டத்துக்கு 2007-லயே லிண்டன் லேப் தடை போட்டாச்சு, மடியைக் கட்டிக்க. சும்மா வெளையாட்டுக்குன்னாலும் ஒரு வில்லங்கம் இருக்கு. பிசிக்கல்னு டிக் போடாத சக்கரத்தை ஒமேகாவால சுத்தினா, அது சுத்துறதே சர்வருக்குத் தெரியாது. அவனவன் கம்ப்யூட்டர் அவனவனுக்குச் சுத்திக் காட்டும். உன் கண்ணுக்கு மேல ஏழு இருக்கும்போது எதுத்தாப்ல நிக்கிறவனுக்கு மூணு இருக்கும். எல்எல் கெட் ராட்னு சர்வரைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, ‘அது எங்க சுத்துச்சு?’ன்னு கேக்கும்.

அதனால எல்எல் ஃப்ராண்ட்ல குருட்டாம்போக்கா ஒரு நம்பரை மொதல்லயே உருவி வச்சுக்க. அப்புறம் சனங்க பார்க்கக் கொஞ்ச நேரம் சுத்த விடு. நிறுத்திட்டு, எல்எல் செட் ராட் போட்டு அந்த நம்பருக்கே திருப்பி வச்சிரு. ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான். தீர்ப்பை மடியில முடிஞ்சுக்கிட்டு விசாரணைக்கு உக்கார்றது எப்படின்னு சந்தேகம் இருந்தா, உங்க பெரியப்பன்கிட்டக் கேளு. இருபது வருசமா பஞ்சாயத்துல அதைத்தானே பண்றான்.