டிரெக்டருக்கு அரைப்பேர் உண்டா?

எங்கள் கம்பனியில் வேலை செய்பவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பணிப்பாளர்கள்: நானும் மச்சானும். மூன்றாவது ஆள் மட்டும்தான் நேரத்துக்கு வருகிறார். ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் தேயிலையை நிறுத்து, பைக்கட் போட்டு விற்கிறோம். லாபம் என்று கூசாமல் சொல்லத்தக்க ஒன்று முதல் தடவையாக வந்ததும் கணக்காளர் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் காச எப்பிடி எடுக்கப் போறீங்க? சம்பளமாவா, டிரெக்டர் ஃபீஸாவா?"

எங்கள் பரம்பரையில் எவரிடமும் எவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தாத்தாவின் கூலியை லண்டன் கம்பனி தீர்மானித்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு அம்மாவின் கூலியை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. 1992க்குப் பிறகு கொழும்புக் கம்பனிகள் வந்தன. கேட்காமலே கொடுத்தார்கள் என்பதல்ல, கேட்டும் கொடுக்கவில்லை.

மச்சான் யோசிக்கவே இல்லை. "ஃபீஸ்தான்" என்றான். ஏன் என்றால், "சம்பளம்னா வேலை செய்யணுமே மச்சான்!" அவன் தாத்தா பெரிய கங்காணி. அந்தக் காலத்தில் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. காலைப் பெரட்டில் வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை சதம் என்று கங்காணியின் கணக்கில் ஏறும்; அவர் மண்வெட்டியைத் தொட வேண்டியதில்லை. ஆகவே மச்சானுக்கு ஃபீஸ் ரத்தத்திலேயே இருக்கிறது.

கணக்காளர் சட்டத்தை எடுத்தார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, பணிப்பாளருக்கான ஊதியத்தைப் பணிப்பாளர் சபையே அங்கீகரிக்கலாம். கம்பனியின் அமைப்பு விதி அதற்கு இடம்கொடுக்க வேண்டும். அந்தக் கொடுப்பனவு கம்பனிக்கு நியாயமானது என்று சபை திருப்திப்படவும் வேண்டும். அதாவது, நானும் மச்சானும் கேட்கும் தொகை நியாயமானதுதான் என்று நானும் மச்சானும் கூடித் திருப்திப்பட வேண்டும். நாங்கள் இவ்வளவு சுலபமாக எதிலும் திருப்திப்பட்டதில்லை.

ஃபீஸ் என்று போட்டால் வரி மிச்சமாகும் என்று மச்சானுக்கு ஒரு கனவு. 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் பணிப்பாளர் பதவியையும் தொழில் என்றே கணக்கெடுக்கிறது, பெயரை மாற்றினாலும் வரி ஒன்றுதான் என்று கணக்காளர் கனவைக் கலைத்தார். பிறகு எங்கள் லாபக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "2025 ஏப்ரல்ல இருந்து மாசம் 150,000 ரூபா வரைக்கும் வரி இல்ல. அந்தக் கவல உங்களுக்கு வேணாம்" என்றார். எங்களை இவ்வளவு ஆறுதலாக யாரும் அவமானப்படுத்தியதில்லை.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி இன்னும் 3 வீதம். கூட்டத்துக்கு மட்டும் வந்து தேநீர் குடித்துப் போகும் பணிப்பாளரின் ஃபீஸுக்குக் கம்பனி இந்த 15 வீதத்தைக் கட்ட வேண்டியதில்லை.

15 வீதம் என்றதும் எனக்குத் தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. 2016 ஒக்டோபரில் நாட்சம்பளம் 730 ரூபா என்று டவுனெல்லாம் பேச்சு. பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கு 60, தேயிலை விலைக்கு 30, உற்பத்தித்திறனுக்கு 140. அந்த 15 வீதம் 500க்கு மட்டும்தான்: 75 ரூபா. முழு 730க்கும் போட்டிருந்தால் 109 ரூபா 50 சதம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 34 ரூபா 50 சதம் எங்கே போனது என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை, வரவேயில்லை என்பதுதான் பதில். எது சம்பளம், எது படி என்று பிரிக்கும் வித்தையில் தோட்டக் கம்பனிகளிடம் எங்கள் கணக்காளர் பாடம் கேட்கலாம். தொழிற்சங்கங்களும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழியையாவது சமமாகப் பங்கிடுவோம்.

2019இல் 700உம் விலைக்காக 50உம்; வரவுப்படி போய்விட்டது. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1000. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் ஜனாதிபதி 1700 என்றார். உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையெல்லாம் தாண்டி செப்டெம்பரில் அது 1350 ஆக வந்து சேர்ந்தது. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, மேலே 200 ரூபாவை அரசாங்கம் தரும் என்றது. அந்த 200க்கு என்ன பெயர்? வரவு ஊக்கத்தொகை. போனவர் திரும்பி வந்துவிட்டார்.

சம்பளமா, ஃபீஸா என்ற எங்கள் பிரச்சினையை அம்மாவிடம் சொன்னேன். ஓய்வுபெறும் வரை கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வரவு; அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி.

"மீட்டிங்குக்கு வரலன்னா?"

"சில கம்பனில அப்பவும் குடுப்பாங்கம்மா."

"பேரு போடாமலா? யாருடா அங்க கங்காணி?"

"அவங்களேதான்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரப்பேரு போட்டாங்க. கம்பனி நட்டத்துல போனா டிரெக்டருக்கும் அரப்பேருதானே?"

கம்பனிகள் சட்டத்தைப் புரட்டிய கணக்காளரிடம் இதைக் கேட்டேன். அப்படி ஒரு பிரிவு அவர் கண்ணில் படவில்லையாம். மாறாக மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார். சம்பளமும் வேண்டாம், ஃபீஸும் வேண்டாம். தாய்க் கம்பனி ஒன்று இருந்தால் முகாமைக் கட்டணம் என்று எடுக்கலாம். பெருந்தோட்டக் கம்பனிகளின் கணக்குகளில் அது பழகிய பதிவு. மச்சானின் கண் மின்னியது. "நாமளும் ஒரு தாய்க் கம்பனி பதிஞ்சா என்ன?" பிள்ளைக்கே பால்மா வாங்கக் காசில்லை, தாய்க்கு எங்கே போவது?

சம்பளம் என்றே எழுதினோம். மூன்று பேருக்கும் முழுத்தொகையும் அடிப்படைச் சம்பளம், முழுத்தொகைக்கும் 15 வீதம். மச்சான் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறான்.

உங்களில் யாரிடமாவது பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகள் இருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி, பணிப்பாளர்களுக்குக் கொடுத்த மொத்த ஊதியத்தை ஆண்டறிக்கையில் காட்டியே ஆக வேண்டும். தொழிலாளர் சம்பளம் ஏறிய கவலை தலைவரின் உரையில், முன்பக்கத்தில், வழவழத் தாளில் இருக்கும். பணிப்பாளர் ஊதியம் பின்னால், கணக்குக் குறிப்புகளுக்குள், பொடி எழுத்தில் இருக்கும். தயவுசெய்து அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். பொதுக்கூட்டத்தில் எழுந்து, அம்மாவின் கேள்வியையும் ஒருதரம் கேட்டுவிடுங்கள்.