முதல் ராப்பர் நான்தான்!

தமிழில் முதலில் ராப் பாடியது யார் என்று மட்டும் யாரிடமும் கேட்டு வைக்காதீர்கள். பக்திமான் சிக்கினால் அருணகிரிநாதர் என்பார். திருப்புகழ்ச் சந்தத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தும் காட்டுவார். விடிய விடியக் கூத்துப் பார்த்த பெரியவர், கட்டியங்காரனை விட்டால் வேறு யாரு என்பார். சினிமா ரசிகர் '1994, காதலன், பேட்டை ராப்' என்று கேஸை அங்கேயே முடித்துவிடுவார். ராப்பர்களிடம் கேட்டால் இந்தக் குழப்பமே கிடையாது. ஆளுக்கு ஒரே ஒரு பெயர்தான் சொல்வார்கள். அவரவர் பெயர்.

அமெரிக்காக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். ஹிப் ஹாப் பிறந்தது 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க், பிராங்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்று பர்த் சர்ட்டிஃபிகேட்டே வைத்திருக்கிறார்கள். அன்று டிஜே கூல் ஹெர்க் ஒரு மாபெரும் புரட்சியைத் தொடங்கினார் என்று புல்லரித்து எழுதுவார்கள். உண்மையில் அவருடைய தங்கை சிண்டிக்கு, ஸ்கூல் திறப்பதற்குள் புது டிரெஸ் எடுக்கப் பணம் வேண்டியிருந்தது. டிக்கெட் போட்டு பார்ட்டி நடத்தினார்; பாட்டுப் போட அண்ணனை நிறுத்தினார். உலகையே ஆட்டிவைத்த இசைக்குக் காரணம் ஒரு ஜவுளி பட்ஜெட்!

அந்தப் புரட்சி சின்னசேலத்தைத் தாண்டி நம்ம நைனார்பாளையம் வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. வந்ததும் காது வழியாக வரவில்லை. கண் வழியாகத்தான் வந்தது. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'நட்சத்ரா' என்ற பெயரில் 'வல்லவன்' ஆல்பத்தை இறக்கினார்கள். அதில் 'மடை திறந்து' வீடியோ. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டின் மேல் ஏறி நின்று ராப். டீக்கடை பெஞ்சு இரண்டாக உடைந்தது. "ராஜா பாட்டக் கெடுத்துட்டானுங்கடா" என்று சித்தப்பாக்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பையன்கள், "இந்த ராஜா யாருண்ணே, மலேசியாக்காரரா?"

இந்த மூவரையும் சுயாதீனக் கலைஞர்கள் என்று கொண்டாடினோம். சுயாதீனம் எத்தனை நாள் தாங்கியது என்கிறீர்கள்? அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸ். நம் ஊரில் இண்டி ஆர்ட்டிஸ்ட் என்பவர் பெரும்பாலும் கோடம்பாக்கத்தின் போன் இன்னும் வராத ஆர்ட்டிஸ்ட்.

டிவியில் தவறவிட்ட பாட்டு வீடியோவைப் பிடிக்க ஒரு வழி இருந்தது. கள்ளக்குறிச்சியில் செல்போன் கடைக்குப் போய் மெமரி கார்டைக் கொடுத்தால் தம்பி பாட்டு ஏற்றித் தருவார். இன்றைக்கு அல்காரிதம் என்று பயபக்தியோடு சொல்கிறோமே, அதன் வேலையை அவர் அன்றைக்கே பார்த்தார்: "இதையும் போட்டிருக்கேண்ணே, செமயா இருக்கும்" என்று கேட்காமலே நாலு வீடியோ சேர்த்து ஏற்றுவார். '.3gp' வகை ஃபைல். திரை உள்ளங்கையில் பாதி; முகம் சதுரம் சதுரமாக உடையும். தொப்பி தெரிந்தால் ராப்பர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்வராயன் மலைக்குப் பாட்டு டவர் வழியாகப் போகவில்லை. சட்டைப் பையில், பஸ் ஏறிப் போனது.

கண்ணில் படாத ஆளின் கதி என்ன ஆகும் என்பதற்கு பம்பாயின் சரண்ஜித் சிங்கே சாட்சி. இந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துவந்த சாதுவான மனிதர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808 கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அந்த 303 கருவியே ஒரு தோல்விதான். பேஸ் கிட்டார்காரருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்றார்கள். பேஸ் கிட்டார் சத்தத்தைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் அதிலிருந்து வந்தது. விற்காத கருவியில் விற்காத ரெக்கார்டு! வீடியோவும் கிடையாது, விசாரிக்க நாதியும் கிடையாது. பின்னாளில் ஈடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் கையில் அது சிக்கி, 2010இல் மறுவெளியீடு கண்டதும் உலகம் எகிறிக் குதித்தது. சிகாகோக்காரர்கள் 1987இல் கொண்டுவந்த ஆசிட் ஹவுஸ் இசையை இவர் ஐந்து வருஷம் முன்பே செய்துவிட்டாராமே! பாவம், அவர் ராகம் வாசித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நேர் எதிர்க் கட்சி, ராப் பாடகி எம்.ஐ.ஏ. யாழ்ப்பாண வேர், லண்டன் வளர்ப்பு, மாயா அருட்பிரகாசம். கண்ணில் படுவதில் பிஹெச்.டி. அப்பாவின் இயக்கப் பெயரில் ஒரு ஆல்பம், அம்மா பெயரில் அடுத்த ஆல்பம் என்று குடும்ப அட்டையையே டிஸ்கோகிராபி ஆக்கியவர். 2007இல் வந்த 'கலா'வுக்காகச் சென்னைக்கு வந்து உருமிமேளத்தைப் பதிவுசெய்துகொண்டு போனார். 'பேர்ட் ஃப்ளூ' வீடியோவையும் தென்னிந்தியாவிலேயே எடுத்தார். மேற்கத்தியக் காதுக்கு அந்த அடி எதிர்காலத்திலிருந்து வந்த எலக்ட்ரானிக் ஒலி. நம் பக்கத்துக் காதுக்கு, ஆடி மாசம் அம்மன் கோயில்.

2012க்கு வருவோம். கோயம்புத்தூர் ஆதியும் ஜீவாவும் ஹிப் ஹாப் தமிழாவாக 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். இந்தியாவின் முதல் தமிழ் ஹிப் ஹாப் ஆல்பம் என்று விளம்பரம். அந்த 'இந்தியாவின்' என்ற சொல்லைக் கவனியுங்கள். யோகி பி மலேசியாவில் பிறந்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று! 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியபோது பாதி ஊர் ஆடியது, மீதி ஊர் பெண்களுக்கு உபதேசம் செய்ய நீ யாரப்பா என்று கேட்டது. 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசை. 2017இல் 'மீசைய முறுக்கு': ஆதியின் வாழ்க்கையை ஒட்டிய கதை, எழுதியது ஆதி, இயக்கியது ஆதி, இசை ஹிப் ஹாப் தமிழா, ஆதியாக நடித்ததும் ஆதி. படம் ஓடவும் செய்தது. மனிதர் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நடுவில் 2015இல் ராப்பர் சோஃபியா அஷ்ரஃப். கொடைக்கானலில் ஆலை நடத்திப் பாதரசக் கழிவை விட்டுவிட்டுப் போன யூனிலீவரை, நிக்கி மினாஜின் மெட்டிலேயே வறுத்தெடுத்தார். 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஒரே வீடியோவில் பன்னாட்டுக் கம்பெனி காலி என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் 2001இல் ஆலை மூடிய நாளிலிருந்து கோர்ட்டும் தெருவுமாக அலைந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அவர்களில் யாருக்கும் ஃபேன் பேஜ் கிடையாது.

இனி பெரிய கதை. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி'. ராப்பர் அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன். கொரோனாவில் வீட்டோடு கிடந்த தமிழ்நாடு செல்போனிலேயே குலவை போட்டது. நிலம் என்றால் என்ன என்று பத்து தீர்மானம் போட்டு விளக்க முடியாததை நாலரை நிமிஷத்தில் காட்டிவிட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அறிவைக் காணோம். இயக்குநர் பா. ரஞ்சித் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். மறுபடியும் அறிவைக் காணோம். அவர் அப்போது அமெரிக்காவில். பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது நான்தான் என்று அறிவு இன்ஸ்டாகிராமில் எழுத, சந்தோஷ் நாராயணன் நீளமாக ஒரு விளக்கம் கொடுத்தார். பாட்டை விடப் பஞ்சாயத்துதான் நீளம். செஸ் விழாவில் செஸ்ஸை யாராவது கவனித்தார்களா தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பாட்டின் ஊற்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாள் பாட்டியின் வாழ்க்கை. அறிவின் பாட்டி. வீடியோவிலும் வருகிறார். 'முதலில் நான்தான்' என்று கை தூக்காத ஒரே ஆள் அவர்தான்.

இப்போது 'பால் டப்பா', 'அசல் கோளாறு' என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு அடுத்த செட் வந்துவிட்டது. 'நடிகர் திலகம்', 'மக்கள் திலகம்' பார்த்த ஊர் இது! ஆனால் பாதை மட்டும் மாறவில்லை: வீடியோ வரும், ரீல்ஸில் ஊரே ஆடும், கோடம்பாக்கம் போன் அடிக்கும். 2024இல் பால் டப்பா 'பிரதர்' படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் பாடினார்.

அதே 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொரு செய்தியும் சொன்னார். கோடிக்கணக்கானோர் பார்த்த 'என்ஜாய் எஞ்சாமி'யால் தங்கள் மூவருக்கும் அதுவரை ஒரு பைசா கூட வரவில்லையாம்! ஆகவே வாசகப் பெருமக்களே, இவர்களில் யாராவது கள்ளக்குறிச்சிப் பக்கம் கச்சேரிக்கு வந்தால் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். தயவுசெய்து பாஸ் கேட்காதீர்கள்.