ஏழு பெற்ற பாட்டி

கேள்வி: கல்பாக்கம் பாட்டி ஏழு பெற்றார், ஒரு தையல் இல்லை. இரண்டே பெறும் எங்களுக்கு ஏன் சிசேரியன்?
– வாசகி, மாமல்லபுரம்

பதில்: இரண்டே என்பதுதான் பாதி விடை! 1952-இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் யாரையும் கீறச் சொல்லவில்லை. ஆனால் ஏழு இரண்டானபோது ஒவ்வொரு பிரசவமும் பொக்கிஷமானது. துணிந்து காத்திருக்க வீட்டாரும் அஞ்சுகிறார்கள், டாக்டரும் அஞ்சுகிறார். இரண்டில் ஒன்று தலைப்பிரசவம், அதில்தான் சிக்கல் அதிகம். முதலில் கீறினால் அடுத்ததும் பெரும்பாலும் கீறல்தான். விரும்பினால் கையோடு கருத்தடையும் முடிந்துவிடும். பாட்டி காலத்தில் அந்தக் கத்தி கிடைக்காமல் இறந்த தாய்மாரையும் மறக்காதீர்கள்.

மீதிப் பாதி? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் சிசேரியன் சுமார் 64 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. குடும்பக் கட்டுப்பாடு இரண்டுக்கும் பொதுதானே; வித்தியாசம் சேரும் இடத்தில்தான்! செங்கல்பட்டில் எங்கே சேர்ந்தாலும், "ஏன் ஆபரேஷன்?" என்று கேளுங்கள் தாயே.