புல்வெட்டுப் புராணம்

இந்தியானாபொலிஸ்,
ஆவணி மாதம்.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதமும், அதற்குள் அண்ணி மடித்து வைத்திருந்த வைத்தீசுவரன்கோயில் விபூதிப் பொட்டலமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜீவன் இல்லாத அந்தத் தேசத்தில் உங்கள் இருவரையும் யார்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தாங்கள் கேட்டிருந்ததற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம்: எங்கள் வீட்டுப் புல்லைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் அப்படி எழுதி நிறுத்தினால், மனைவியைப் பற்றிக் கேட்டால் இவன் புல்லைப் பற்றிச் சொல்கிறானே, கவலையில் புத்தி பிசகிவிட்டதோ என்று தாங்கள் கலங்கக்கூடும் என்பதால் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவள் தேக நிலை. நிணநீர்ச் சுரப்பிகளில் வந்திருக்கும் இந்தப் புற்றுநோய்க்கு, ஆர்-சாப் என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் ஐந்து மருந்துகளின் கூட்டை 21 நாளுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை கொடுப்பது வழக்கம். அதில் நான்கு முடிந்துவிட்டன. நடுவில் எடுத்த படத்தில் கட்டிகள் வெகுவாகக் கரைந்திருக்கின்றன. இந்த ரகத்தில் பாதிப் பேருக்கு மேல் பூரண குணம் காண்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதை நான் நூறாகவே எடுத்துக்கொண்டேன். தலைமுடி அவ்வளவும் போய்விட்டது. நாக்கில் ருசி இல்லை. விரல் நுனிகள் மரத்துவிட்டபடியால் ரவிக்கைக் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிடுகிறாள். மற்றபடி என்னை அதிகாரம் செய்வதில் யாதொரு பலக்குறைவும் காணப்படவில்லை.

இனிப் புல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் வாசலில் புல் மண்டினால் அந்த வீட்டில் மனிதர் இல்லை என்று அர்த்தம்; இங்கோ வாசலில் புல் இல்லாவிட்டால் அந்த வீட்டாருக்கு மனுஷத்தன்மை இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு முன்னும் பின்னும் பச்சைக் கம்பளமாகப் புல்லை வளர்த்து, அதற்குத் தண்ணீரும் உரமும் கொடுத்து, அது வளர்ந்ததும் ஐயோ வளர்ந்துவிட்டதே என்று வாராவாரம் வெட்டி, வெட்டியதைத் தின்ன ஒரு பசுமாடும் இல்லாமல் காகிதப் பைகளில் கட்டித் தெருவோரம் வைக்கிற இந்த விவசாயத்தின் பரப்பை, நாசா விஞ்ஞானிகள் 2005-ஆம் வருஷம் விண்கோள் தகவல்களைக் கொண்டு கணக்கிட்டு, அமெரிக்கா முழுவதிலும் ஏறக்குறைய 1,60,000 சதுர கிலோமீட்டர் என்றார்கள். நம் தமிழ்நாடு மொத்தமும் 1,30,000தான். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையில் கோயில் குளம் உட்படப் புல்லை விதைத்தாலும் இவர்கள் கணக்கு நிரம்பாது. இதில் சோம்பலுக்கும் இடமில்லை. எங்கள் நகரத்தில் புல் 12 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும்.

சிகிச்சை ஆரம்பித்தது ஜூன் மாதத்தில். அந்த மாதம் இந்தியானாவில் புல்லுக்கு யௌவன பருவம்; காலையில் வெட்டியவன் மாலையில் திரும்பிப் பார்த்தால் சந்தேகம் வரும். நானோ ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கடைக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸின் தொலைபேசிச் சங்கீதத்துக்கும் இடையில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பகலில் மருந்தின் அயர்ச்சியில் அவள் கண்ணயர்ந்திருக்கையில், வாசல் பக்கம் கிறுகிறுவென்று மெல்லிய ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால், அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் எங்கள் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் பெட்ரோலில் ஓடும் நல்ல இயந்திரம் இருக்கிறது. அது போடும் கூச்சலில் நோயாளி விழித்துக்கொள்வாள் என்று, தம் தகப்பனார் காலத்துக் கைவண்டியை, உருளையில் கத்திகள் சுழலுகிற மாதிரியை, பரணிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த வண்டிக்கும் ஒரு வம்சாவளி உண்டு. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீவுகிற ஆலை இயந்திரத்தைப் பார்த்து, துணியைச் சீவுவது தரையையும் சீவுமே என்று யோசித்து, 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் சந்ததிதான் அன்று எங்கள் வாசலில் தள்ளப்பட்டது, எழுபது வயதைத் தாண்டியவரால். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப் போய்த் தடுத்தேன். "எந்தக் கிழமை வெட்டினால் அவளுக்குத் தொந்தரவு இல்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டாமவர் என்னுடன் வேலை பார்க்கும் குண்டூர்க்காரர். பிறந்தது முதல் மாடிக் குடியிருப்புகளிலேயே வாழ்ந்த மனிதர். புல்லை அவர் கிரிக்கெட் மைதானத்தில் டெலிவிஷன் மூலம் பார்த்ததோடு சரி. புல்வெட்டும் சாஸ்திரத்தை யூடியூபில் பயின்று, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, முழங்காலுக்குக் கவசம் சகிதம் யுத்த சன்னத்தராக வந்திறங்கினார். மூன்றாமவர் கிரீன்வுட்டில் இருக்கும் சர்தார்ஜி. இந்தியானாபொலிஸின் தென்பகுதியில் லாரித் தொழில் செய்யும் பஞ்சாபிகள் ஏராளம்; இவரும் கண்டத்தைக் குறுக்கே கடந்து சரக்கு கொண்டுபோகிறவர். கலிபோர்னியாவிலிருந்து திரும்பும் வாரங்களில் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு நேரே இங்கு வந்து, வேலி ஓரத்துச் செடிகளைக் கத்தரித்து, கூரையோரத் தகரவாய்க்காலில் அடைத்த சருகை அள்ளிவிட்டு, ஒரு பெரிய செம்பு மோர் குடித்துவிட்டுப் போவார்.

மூவரும் பரோபகாரிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூவரும் ஒரே சமயத்தில் வரக்கூடாது. வெட்டிய புல்லைப் பையில் அள்ளிவிட வேண்டும் என்பது குண்டூர்க்காரர் சித்தாந்தம். அதைத் தரையிலேயே விட்டால் அதுவே உரம் என்பது தபால்காரர் சித்தாந்தம். காஞ்சிபுரத்து வடகலைக்கும் தென்கலைக்கும் யானை நாமத்தில் இருந்த பேதத்தைக் காட்டிலும் இது அணுவளவும் குறைந்ததன்று. மூன்றங்குல உயரம் இருக்கவேண்டும், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் வாடிவிடும் என்பது தபால்காரர் வாக்கு. இதற்கு விவசாயக் கல்லூரிக்காரர்களின் பிரமாணமும் இருக்கிறது. சர்தார்ஜியோ, ஐந்து ஆறுகள் பாயும் மண்ணில் பிறந்தவர், தின்னமுடியாத பயிருக்கு இவ்வளவு தர்க்கமா என்று கேட்டுவிட்டுத் தகரவாய்க்காலுக்கு ஏறிவிடுவார். இரு தரப்புக்கும் காப்பி கொடுத்துப் பொதுவாக நிற்பது என் கைங்கரியம்.

இவர்கள் ஏன் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நிற்கிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றியதற்கும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது உடல் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் அர்த்தராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிடவேண்டும். ஆகவே அந்த நாட்களில் விருந்தாளி கூடாது, பறித்த பூ கூடாது, முக்கியமாக மண்ணைக் கிளறக் கூடாது. மண்ணிலும் சருகிலும் இருக்கிற பூஞ்சைக் காளான் வித்துகள் சுவாசத்தில் போனால் ஆபத்து. இருபது வருஷமாக மல்லிகைத் தொட்டிக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் மண் மாற்றி, இந்தக் குளிரில் அவற்றைக் குழந்தைகளைப்போல் காப்பாற்றி வந்தவளுக்கு இதைவிடக் கடுமையான பத்தியம் வேறில்லை.

இதிலே வேடிக்கையைக் கேளுங்கள். அவளுக்கு ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று, டாக்ஸோரூபிசின், குங்குமக் கரைசலைப் போலச் சிவந்தது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே மெல்ல மெல்லச் செலுத்துகிறாள். இதன் மூலம் இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டைப் பக்கத்து மண்ணில் 1950-களில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர். மண்ணில் விளைந்த மருந்தை மார்பில் ஏற்றிவிட்டு மண்ணைத் தொடாதே என்கிறார்கள்! இன்னொன்று, ரிடுக்ஸிமாப், 1997-இல் இங்கே அனுமதி பெற்றது. எலியின் எதிர்ப்புப் புரதத்தில் ஒரு பகுதியை மனிதனுடையதோடு ஒட்டவைத்துச் செய்தது. பிள்ளையாருக்கு மட்டும் வாகனமாக இருந்தவர் இப்போது எங்களையும் சுமக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். கொழுக்கட்டைக்கு மாவு இடித்துக் கொடுங்கள் என்றாள்.

மூன்றாவது மருந்துதான் கதையின் சிகரம். சிகிச்சை தொடங்கிய வாரத்தில் தபால்காரரின் மனைவி, நோயாளி ஜன்னல் வழியே பார்க்கையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, எங்கள் வாசல் பாத்தி நெடுகிலும் ஊதா நிறத்திலும் வெள்ளையிலும் பூச்செடிகளை நட்டு வைத்துவிட்டுப் போனாள். திரையை விலக்கிப் பார்த்த என் வீட்டுக்காரி, பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நட்டிருந்தது நித்தியகல்யாணி! சுடுகாட்டு மல்லி என்று நம் பாட்டி வாசலில் வைக்க விடாத அதே செடி. இங்கே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நான் சிரிக்கவில்லை, ராத்திரியே பிடுங்கிவிடலாமா என்று யோசித்தேன். மறு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொங்குகிற சிறு பையிலிருப்பது வின்கிரிஸ்டின் என்றும், அது அந்தச் செடியிலிருந்தே எடுப்பது என்றும் நர்ஸ் சொன்னாள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்த கஷாயம் அது. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு இதே இந்தியானாபொலிஸில் ஈலை லில்லி கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1963 முதல் மருந்தாயிற்று. இரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. நம் தென்மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் இந்தச் செடியைப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்களே, அது இதற்காகத்தான். அவள் விரல் நுனியை மரக்கச் செய்ததும் இதே மருந்துதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடுங்கும் யோசனையைக் கைவிட்டேன். இப்போது தினம் சாயங்காலம் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது நான்.

கூட்டின் கடைசி மருந்து பிரெட்னிசோன் மாத்திரை. ஐந்து நாள் மட்டும் கொடுப்பார்கள். அந்த ஐந்து நாளும் அவளுக்குத் தூக்கம் கிடையாது, பசி அபாரம், உற்சாகமோ சொல்லி முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு, தோட்டத்து வேலைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள்: கிழக்கு மூலையில் களை, கறிவேப்பிலைத் தொட்டியை வெயிலுக்கு நகர்த்து, அந்தத் தெலுங்கர் பருப்புக்கீரையைக் களை என்று பிடுங்கிப் போடுகிறார், தடுத்து நிறுத்து. (கடைசி உத்தரவு நியாயமானதே. நம் ஊர்ச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் கீரை இங்கே தானாக முளைத்துக் கிடக்க, விஷம் தெளித்துக் கொல்கிறார்கள்.) ஆறாம் நாள் மாத்திரை நின்றதும் படுத்துவிடுவாள், நோட்டுப் புத்தகம் மட்டும் வாசற்படியில் இருக்கும், மூவரும் அதைப் பார்த்துக் காரியம் செய்வார்கள். சர்தார்ஜி செய்து முடித்த வேலைக்கு எதிரில் பஞ்சாபியில் ஏதோ எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்.

அண்ணா, நம் ஜனங்களைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். இதே வியாதி மன்னார்குடியில் வந்திருந்தால் வீடு நிரம்ப உறவு இருக்கும். சமையலுக்கு ஆள் இருக்கும். ராத்திரி கால் பிடித்துவிடக் கை இருக்கும். அதற்கு நான் இங்கே ஏங்காத நாளில்லை. இங்குள்ள தமிழ் நண்பர்கள் முறைவைத்து ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுவந்து கொடுத்திராவிட்டால் நான் ரொட்டியிலேயே உலர்ந்திருப்பேன். ஆனால் நம் வழக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர் முதலில் அழுவார். நோயாளி அவரைத் தேற்றவேண்டும். பிறகு எந்த ஸ்டேஜ் என்பார். பிறகு இதே நோயில் போன தம் சித்தப்பாவின் சரித்திரத்தை ஆதியோடந்தமாகச் சொல்லி, நீ தைரியமாக இரு என்று முடித்துக் காப்பிக்குக் காத்திருப்பார். வாட்ஸப் வந்த பிறகு இந்தச் சடங்கு கடல் கடந்தும் நடக்கிறது. வந்தவரை உபசரிக்கும் கடமை நோயாளியின் தலையில் விழாமல் ஒத்தாசை செய்ய முடியும் என்பதை நான் கண்டது இந்த மூன்று பேரிடந்தான். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் முறையே உசத்தி என்பது என் தீர்ப்பு.

என் மனச் சங்கடம் வேறு. பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குக் கடன்பட்டுப் பழக்கம் உண்டு. அந்தக் கடன் பணமாக இருக்கவேண்டும். மற்றவன் வெயிலில் வியர்வை சிந்த, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருப்பது என்னால் சகிக்கக்கூடியதாக இல்லை. தபால்காரரிடம் ஒரு நாள் கவரில் பணம் வைத்து நீட்டினேன். ஆயுள் முழுதும் கவரை உரியவரிடம் சேர்த்த மனிதர். அதைப் பிரிக்காமலே எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

ஆகவே கைம்மாறாக இல்லாவிட்டாலும், தங்களிடம் ஒரு வேண்டுகோள். நீடாமங்கலத்தில் இவள் தாயார் தனியாக இருப்பது தாங்கள் அறிந்ததே. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்ட நாள் முதல் அந்த அம்மாள் கொல்லைப் பக்கமே போகவில்லையாம். கிணற்றடி வரையில் கோரையும் கருவேலமும் மண்டிவிட்டன. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூச்சி பொட்டு நடமாட்டம் அதிகமாகுமே என்று இவள் தன் வியாதியை விட்டு அதற்குக் கவலைப்படுகிறாள். தாங்கள் சின்னவனை அழைத்துக்கொண்டு, ஒரு மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு, புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு தடவை போய்க் கொல்லையை வெட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மகளைப் பற்றி அந்த அம்மாளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்களாக ஒன்றும் கேட்கவேண்டாம்.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி