தமிழ் என்றொரு பொத்தான்

குண்டசாலை.

வலயக் கல்வி அலுவலகத்தில் இணையத்தளத்தைப் பராமரிக்கும் பெருந்தகைக்கு,

விடயம்: தங்கள் தளத்தை ஊடாடும் தளமாக மாற்றுவது தொடர்பாக

சென்ற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்த தங்கள் உத்தியோகத்தர், தளத்தை 'ஊடாடும் தளமாக' மாற்றப்போவதாகச் சொல்லி எங்களிடம் யோசனை கேட்டார். அப்படியென்றால் என்னவென்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். "நீங்க தட்டினா அது பதில் சொல்லும்" என்றார். சேர், அந்த வேலையைத் தங்கள் தளம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது.

மகளை முதலாம் தரத்தில் சேர்க்கப் படிவம் தேடி வந்தேன். வலது மூலையில் 'தமிழ்' என்றொரு பொத்தான். தட்டினேன். அதே சிங்களப் பக்கம், பொத்தானை மட்டும் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டு திரும்பி வந்தது. மறுபடி தட்டினேன். அடியில் இருந்த வருகையாளர் எண்ணிக்கை ஒன்று கூடியது. பதினொரு முறை தட்டினேன், பதினொன்று கூடியது. ஆண்டறிக்கையில் தமிழ்ச் சமூகத்தின் ஆர்வம் பெருகியிருப்பதாக ஒரு வரி வருமென்றால், அது அடியேன் ஒருவனின் கைங்கரியம்.

கடைசியில் ஒரு தமிழ்ச் சுற்றுநிருபம் அகப்பட்டது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி இல்லாத என் போனில் அது ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டியதுபோல் விரிந்தது. அதன் கீழே ஒரு படிவம், சாய்வாக ஸ்கேன் செய்தது. மூலையில் ஸ்டேப்ளர் பின்னும், தாளைப் பிடித்திருந்த யாரோ ஒருவரின் கட்டைவிரலும் தெளிவாகத் தெரிந்தன. ஆண்டு மட்டும் 2019. அதுவரை தங்கள் தளத்தில் நான் கண்ட ஒரே மனித முகம் அந்த விரல்தான்.

பிறகு பஸ் ஏறி நேரில் வந்தேன். "மாத்தயா மீட்டிங் போயிட்டார், நாளைக்கு வாங்க" என்றார் வாசல் காவலாளி. நான் தட்டினேன், அவர் பதில் சொன்னார், அதுவும் தமிழில். அங்கே நின்ற இன்னும் நாலைந்து பெற்றோரோடு அறிமுகமாகி, பிளேன்டீ குடித்து, ஒருவர் மகனின் சளிக்கு மருந்தும் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். சமூகத்தை ஒன்றுசேர்ப்பதில் இதைவிட வேறு எந்தத் தளம் சாதித்துவிடும்?

தமிழ் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்த வீர நரேந்திரசிங்கன் 1739இல் இறந்த பின், கண்டிச் சிம்மாசனம் தென்னிந்திய நாயக்கர்களிடம் போனது. 1815 வரை கண்டி அரண்மனையில் தெலுங்கும் தமிழும் புழங்கின. அரசவைக்குள் போய்வந்த மொழிக்குத் தங்கள் வலது மூலையைத் தாண்டத்தான் வழியில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 'தமிழும்' அரசகரும மொழி என்றது. அந்த 'உம்'மைத்தான் தாங்கள் பொத்தானாகச் செய்து மாட்டியிருக்கிறீர்கள் போலும்.

மனம் கேளாமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தெந்தப் பாடசாலையில் தமிழ்மொழி மூல ஆசிரியர் வெற்றிடங்கள் உள்ளன என்று எழுதிக் கேட்டேன். பதினான்கு வேலை நாள் கெடு. பதினான்காம் நாளே பதில் வந்தது. நேரந்தவறாமைக்கு நன்றி. கடிதம் சிங்களத்தில் இருந்தது.

அதை வாசித்துக் காட்டியவர் தங்கள் அலுவலகத்துக்கு எதிரே கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் அண்ணன். போட்டோகொப்பி, ரீலோட், லேமினேட்டிங் எல்லாம் பெயருக்கு. உண்மையில் வலயத்தின் ஊடாடும் தளம் அவர்தான். இந்த வருடத்துப் படிவம் தமிழில் அவரிடம் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்க வேண்டும், வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடுவே வேறு பாடசாலை இருந்தால் புள்ளி எப்படி வெட்டுப்படும், அந்த நடுப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் கிழிந்த கலண்டர் தாளின் பின்புறம் கோடு போட்டு விளக்குகிறார். "அண்ணே, இது எனக்குச் சரிவருமா?" என்று கேட்டால், "வராது தம்பி, காசை வீணாக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எந்த மென்பொருளுக்கு உண்டு?

யோசனை கேட்டீர்கள். அந்த வீட்டுத் தூரக் கணக்கைத் தளம் போட்டுக் காட்டட்டும். வெற்றிடப் பட்டியல் பாடசாலை வாரியாக மாதாமாதம் ஏறட்டும். கேள்வி போட்டால் ஒரு எண் கிடைக்கட்டும், அந்த எண் யாருடைய மேசையில் தூங்குகிறது என்று தெரியட்டும். மங்கல விளக்கேற்றும் படங்களை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். முப்பத்தாறு எண்ணினேன், விளக்கு ஒன்றுதான், ஏற்றும் கைகள் மட்டும் மாறுகின்றன. முகப்பில் உள்ள கருத்துக்கணிப்பில் மூன்றாவதாக ஒரு விடை சேர்த்தால் போதும். 'எமது தளம் எப்படி?' என்ற கேள்விக்கு இப்போது 'மிக நன்று', 'நன்று' என்ற இரண்டே உள்ளன. நான் நேர்மையாக 'நன்று' என்றேன்.

இக்கடிதத்தைத் தங்கள் தளத்தின் தொடர்புப் பெட்டியில்தான் முதலில் இட்டேன். 'அனுப்பு' என்பதைத் தட்டியதும் பக்கம் சிங்களத்துக்குத் திரும்பிவிட்டது. ஆகவே பதிவுத் தபாலில்.

இவ்வண்ணம்,
வருகையாளர்களில் பதினொருவர்

பிரதி: கொமியூனிகேஷன் கடை அண்ணனுக்கு, சுவரில் ஒட்டுவதற்காக.