ஆம்ஸ்ட்ராங் கேட்ட பாங்கு

1969இல் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு அங்கே பாங்குச் சத்தம் கேட்டதாம். பிற்பாடு கெய்ரோவில் அதே ஓசை காதில் விழ, ஆள் சிலிர்த்துப்போய் இஸ்லாத்தைத் தழுவிவிட்டாராம். எகிப்து, மலேசியா, இந்தோனேசியா என்று இந்தச் செய்தி பறந்த வேகத்திடம் அப்போலோ 11 பிச்சை வாங்க வேண்டும். நிலவில் காற்றே கிடையாதே, சத்தம் எப்படிக் கேட்கும் என்று இழுத்தவர்களை யாரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையே முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று: ஆம்ஸ்ட்ராங் மதம் மாறவில்லை, அதேசமயம் யார் மனத்தையும் நோகடிக்க அவருக்கு விருப்பமும் இல்லை. அவர் லெபனானில் குடியிருந்தது மட்டும் நிஜம். ஓஹையோ மாநிலத்து லெபனான்.

அடுத்துச் சிக்கியவர் கடலடி ஆராய்ச்சிக்காரர் ழாக் கூஸ்தோ. இரண்டு கடல்கள் சந்தித்தாலும் இடையில் ஒரு தடுப்பு உண்டு என்கிறது குர்ஆன் வசனம். அதைத் தண்ணீருக்குள் நேரில் பார்த்து வாயடைத்து கூஸ்தோவும் மதம் மாறினார் என்று கதை கட்டினார்கள். 1997இல் அவர் இறந்தபோது இறுதித் திருப்பலி பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தில் நடந்தது. கதை அதற்கும் அசரவில்லை. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சட்டென்று கலக்காது என்பது முகத்துவாரத்தில் வலை போடுகிற எவருக்கும் தெரிந்த சேதி. ஆனால் அவர்களை யார் மேடையேற்றுகிறார்கள்?

இப்படிச் சில்லறையாக நடந்ததை மொத்த வியாபாரமாக்கியவர் ஏமன் நாட்டு ஷேக் அப்துல் மஜீத் ஸிந்தானி. குர்ஆனிலும் நபிமொழிகளிலும் அறிவியல் அத்தாட்சிகளைத் தேட 1984இல் சவூதியில் ஓர் ஆணையமே அமைத்தார். மேற்கத்திய பேராசிரியர்களுக்கு அழைப்பு போனது. கணவன் மனைவி இருவருக்கும் முதல் வகுப்பு விமான டிக்கெட், உயர்தர ஹோட்டலில் அறை, கையில் ஆயிரம் டாலர், அதிபர்களோடு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் கேமரா முன்னால் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி: 1400 வருஷத்துக்கு முன்னால், பாலைவனத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய எந்தப் பேராசிரியருக்கு மனசு வரும்? இறையருளாக இருக்கலாம் என்று மரியாதைக்கு முனகிவைத்தார்கள். முனகல் வீடியோவாகி ஊர் ஊராகச் சுற்றியது. தான் பொறியில் விழுந்ததையும், பிறகு மற்றவர்களை எச்சரித்ததையும் கடல் நிலவியலாளர் வில்லியம் ஹே பின்னாளில் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்.

ஸிந்தானியின் வலையில் விழுந்த பெரிய மீன், டொரன்டோ பல்கலைக்கழகத்து உடற்கூறியல் பேராசிரியர் கீத் மூர். இவருடைய கருவியல் பாடநூலைப் புரட்டாத மருத்துவ மாணவர் குறைவு. 24 நாள் கரு அட்டை மாதிரி இருக்கிறது, 28 நாள் கருவில் பல்தடம் மாதிரி வரிகள் இருக்கின்றன, ஆகவே கருவை மென்ற சதைத்துண்டு என்று குர்ஆன் வசனம் சொல்வது சரி என்று படம் போட்டு விளக்கினார். பாடநூலுக்கு இஸ்லாமியச் சேர்க்கைகளோடு ஒரு தனிப் பதிப்பே வந்தது. மேற்கே விற்ற பதிப்பில் மட்டும் அந்தப் பக்கங்களைக் காணோம். அந்த விவகாரத்தில் ஈடுபட்டுப் பத்துப் பதினோரு வருஷமாகிறது என்று பின்னாளில் பத்திரிகையாளரிடம் நழுவினார் மூர்.

இத்தனைக்கும் கரு கட்டங் கட்டமாக வளர்கிறது, முதலில் விந்து, அப்புறம் ரத்தம் நிறைந்த உரு, அப்புறம் சதை என்று கிரேக்க மருத்துவர் காலன் இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். இதை மறைக்க வேண்டும் என்று பழைய மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்குத் தோன்றவே இல்லை. 14ஆம் நூற்றாண்டின் இப்னுல் கய்யிம், குர்ஆன் வசனங்களையும் ஹிப்போகிரட்டஸையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து விளக்கம் எழுதினார். கேமரா இல்லாத காலம், கூச்சமும் இல்லை.

இந்த அத்தாட்சிகளில் எனக்குப் பிடித்தது, பிரபஞ்சம் விரிகிறது என்று ஒரு குர்ஆன் வசனம் சொல்கிறது என்பது. அந்த வசனத்தைப் பதின்மூன்று நூற்றாண்டாகக் கோடிக்கணக்கானோர் மனப்பாடமாக ஓதியிருக்கிறார்கள். 1917இல் ஐன்ஸ்டீன், பிரபஞ்சம் அசையாமல் நிற்கிறது என்று நம்பி, தன் சமன்பாட்டுக்கு ஓர் ஒட்டுப் போட்டார். அப்போது யாராவது ஒரு போஸ்ட் கார்டு எழுதியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். எழுதவில்லை. 1929இல் எட்வின் ஹபிள் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்ன பிறகுதான் வசனத்துக்குள் விண்மீன் மண்டலங்கள் ஓட ஆரம்பித்தன. குலுக்கல் முடிந்த மறுநாள் லாட்டரி எண்ணைச் சொல்லும் ஜோசியர் தோற்றதாகச் சரித்திரம் உண்டா?

முன்னோர்கள் விவரமானவர்கள். கிரகணக் கணக்கில் வானியலாரோடு மார்க்கத்தின் பெயரால் மல்லுக்கு நிற்பவர் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறார் என்றார் இமாம் கஸ்ஸாலி. எல்லாக் கலைகளும் குர்ஆனில் இருப்பதாக அளந்தவர்களை கிரனடாவின் இமாம் ஷாதிபி 14ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். அறிவியலாளர் இப்னு ஹைதம் ஒளியைப் பற்றி அறிய இருட்டறையையும் துளையையும் வைத்துக்கொண்டு சோதனைதான் செய்தார். இதைப் படித்து நம் பக்கத்து ஆட்கள் குஷியாக வேண்டாம். 2015 ஜனவரியில் மும்பை அறிவியல் மாநாட்டு மேடையில், கிரகம் விட்டுக் கிரகம் போய் ரிவர்ஸும் எடுத்த வேத கால விமானங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர்கள் நாம்.

பாகிஸ்தானில் ஜியா உல் ஹக் ஆட்சியில், குர்ஆனுக்குள் அறிவியலைத் தேடும் இந்தத் துறை உச்சத்துக்குப் போனது. ஒரு சமுதாயத்தில் எவ்வளவு நயவஞ்சகம் இருக்கிறது என்று கணக்கிட ஒருவர் சூத்திரம் கண்டுபிடித்தார். மேற்கத்திய சமுதாயத்துக்கு விடை 22. இருபத்திரண்டு கிலோவா, லிட்டரா என்று கேட்கக் கூடாது. இயற்பியலாளர் பர்வேஸ் ஹூட்பாய் இவற்றையெல்லாம் சிரத்தையாகத் தொகுத்து 1991இல் புத்தகமே போட்டார். அணுசக்தி ஆணையத்துப் பொறியாளர் சுல்தான் பஷிருத்தீன் மஹ்மூதின் யோசனை இன்னும் பெரிது: ஜின்கள் நெருப்பால் படைக்கப்பட்டவை, ஆகவே அவற்றைப் பிடித்து எரிசக்திப் பஞ்சத்தைத் தீர்க்கலாம். ஜின் இன்னும் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தரவில்லை. கராச்சியில் லோடு ஷெட்டிங் மட்டும் நேரம் தவறாமல் நடக்கிறது.